மூன்று மாத வேலைக்குத் திருநெல்வேலி வந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

வண்ணாரப்பேட்டை வாடகைக்காரன்:
சொந்த ஊர் கோயம்புத்தூர். கம்பெனி மூன்று மாதத்துக்கு இங்கே அனுப்பியிருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் ரூம். பிறப்பால் கிறிஸ்தவன்தான், ஆனால் அம்மா போன பிறகு ஆலயம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று சுருங்கி, போன வருஷம் அதுவும் இல்லை. போன ஞாயிறு சும்மா பாளையங்கோட்டைப் பக்கம் நடந்தபோது ஊசிக்கோபுரம் கண்ணில் பட்டது, உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மா பாத்திரம் கழுவும்போது பாடும் கீர்த்தனையைப் பாடினார்கள்; இரண்டாவது சரணத்துக்கு மேல் எனக்குக் குரல் எழும்பவில்லை. முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வந்துவிட்டேன். எதற்காக வாழ்கிறேன் என்று 34 வயதில் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்த ஊரில் எங்கே போகலாம், என்ன செய்யலாம்?

முருகன்குறிச்சி அண்ணாச்சி:
தம்பி, நீங்கள் உட்கார்ந்தது ரேனியஸ் ஐயர் காலத்துக் கோயில், 1826ல் திறந்தது (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்). அவரும் வெளியூர்க்காரர்தான், ஜெர்மன்காரர். அதற்கும் முன்னாலேயே பாளையங்கோட்டையில் இன்னொரு கோயில் உண்டு, பாப்பாத்தியம்மாள் கோயில் என்போம். கட்டியவர் குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்கிறார் என்று சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்துவிட்டார், அதிகாரி இறந்த பிறகு 1778ல்தான் கொடுத்தார். 1785ல் கோயில் எழும்பியது. ஒரு மறுப்போடு முடிந்திருக்க வேண்டிய கதை! அங்கே ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள், கூட்டம் இருக்காது.

அப்புறம், பிரசங்கம் முடிந்ததும் ஓடாதீர்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோவில்பிள்ளையிடம் பேச்சுக் கொடுங்கள், எந்தக் கிராமத்தில் எப்போது அசனம், அதாவது சபை விருந்து, என்று அவருக்குத் தெரியும். பந்தியில் வாளி தூக்க ஆள் எப்போதும் பற்றாது, அரை நாள் சாம்பார் ஊற்றினால் பத்துப் பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

களக்காட்டுக்காரி:
அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். தம்பி, "எந்த ஊர்?" என்று கேட்பார்கள், அது எப்போதும் ஊரை மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு சபையில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டதும் பேசிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். ஒரு வருஷம் கோயில் வாசலையே மிதிக்கவில்லை. பிறகு வேறு சபைக்குப் போனேன், அது நன்றாக இருக்கிறது. அதனால் முதல் இடத்தில் மனசு கசந்தால் ஆண்டவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எதற்காக வாழ்கிறோம் என்பதற்கு எங்கள் பக்கத்து டோனாவூரைச் சொல்வேன். அங்கே குழந்தைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் முதலில் போனது ஜப்பானுக்கு, உடம்பு ஒத்துவரவில்லை. இலங்கை, பெங்களூர் என்று சுற்றித்தான் இந்தப் பக்கம் வந்தார். வந்ததும் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்யத்தான். 1901ல் இந்துக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி வந்து அவரிடம் சேர்ந்தாள், அவர் வேலையே மாறிவிட்டது. 1931ல் விழுந்து அடிபட்ட பிறகு 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில், அங்கிருந்தே எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றதால் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து "அம்மாய்" என்று எழுதியிருக்கிறார்கள். பின்னால் மலை, சத்தமே இல்லாத இடம். போவதானால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், அது ஆட்கள் குடியிருக்கும் வளாகம், சுற்றுலாத் தலம் இல்லை.

ரயில்வே பீடர் ரோடு:
இவ்வளவு தேவையா? மூன்று மாதம் அதே கோயில், அதே பெஞ்சு, அவ்வளவுதான். வாரத்துக்கு ஓர் ஊர் என்று சுற்றினால் போட்டோதான் மிஞ்சும். நான் அப்படிச் சுற்றியவன், மணப்பாடு, இடையன்குடி, உவரி எல்லாம் பார்த்தாயிற்று, நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நான் வரவில்லை என்று கவனிக்க எங்கேயும் ஆள் இல்லை.

வண்ணாரப்பேட்டை வாடகைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று அதே பெஞ்சு. பக்கத்துத் தாத்தா பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி வைத்தார், "எந்த ஊர்?" என்றும் கேட்டார். கோயம்புத்தூர் என்றேன். "அங்கே வெயில் குறைவுதானே" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவர் கிராமத்தில் அசனமாம், வாளி தூக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி, இதற்கு வேட்டி கட்டாயமா?