பப்ளிக் எனிமீஸ்: ஏன் வீடியோ மாதிரி தெரிகிறது, கதை எவ்வளவு நிஜம்?

வேளச்சேரி வாசு:
நேற்று ராத்திரி மைக்கேல் மானின் 'பப்ளிக் எனிமீஸ்' (2009) பார்த்தேன். வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டிலிஞ்சராக ஜானி டெப் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் கோட்டு, தொப்பி, பழைய ஃபோர்டு கார் என்று எல்லாம் 1930கள், படம் மட்டும் கல்யாண வீடியோ மாதிரி பளிச்சென்று இருக்கிறதே, என் டிவி கோளாறா? அப்புறம் கட்டைத் துப்பாக்கியைக் காட்டி ஜெயிலிலிருந்து தப்பிப்பது நடந்ததா, மசாலாவா?

சாலிகிராமம் குமார்:
முதலில் டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை, அதாவது அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கை, அணையுங்கள். அணைத்தாலும் வீடியோ வாடை முழுசாகப் போகாது. சோனி எஃப்23 டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம் அது. சென்சார் சின்னது, அதனால் முன்னால் நிற்கிறவர் முகமும் பின்னால் இருக்கிற சுவரும் சேர்ந்தே ஷார்ப்பாக விழும். பின்னணி கரைந்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும். எனக்குப் பிடித்தது அந்த லாட்ஜ் சண்டைதான், இருட்டில் துப்பாக்கி வெடிக்கிற வெளிச்சத்தில் மரங்கள் வந்து வந்து மறையும். சம்பவம் நடந்த அதே லிட்டில் பொஹீமியா லாட்ஜில் போய் எடுத்திருக்கிறார்கள்.

மயிலை வாசகன்:
ஜெயில் விஷயம் நிஜம். 1934 மார்ச் 3, இந்தியானாவில் கிரவுன் பாயின்ட் சிறை. கையில் இருந்தது கட்டையா, யாரோ உள்ளே கடத்திக் கொடுத்த அசல் துப்பாக்கியா என்று அப்போதே சண்டை. தப்பியது அந்த ஊர் பெண் ஷெரீஃப் லிலியன் ஹோலியின் காரில்! திருட்டுக் காரோடு மாநில எல்லையைத் தாண்டி இல்லினாய்க்குள் நுழைந்தான் பாருங்கள், அங்கேதான் தப்பு செய்தான், அது ஃபெடரல் குற்றம், அதாவது மத்திய அரசு விசாரிக்கிற குற்றம், மத்தியப் புலனாய்வுத் துறைத் தலைவர் ஹூவரின் ஆட்கள் பின்னால் வர வழி கிடைத்துவிட்டது.

படம் புளுகுவது சாவுகளில். ஆரம்பத்திலேயே ப்ரிட்டி பாய் ஃபிளாய்டு என்ற கொள்ளைக்காரனை ஹூவரின் ஏஜென்ட் பர்விஸ் சுடுகிறார், லாட்ஜ் சண்டையோடு டிலிஞ்சரின் கூட்டாளி பேபி ஃபேஸ் நெல்சனும் காலி. நிஜத்தில் டிலிஞ்சர்தான் முதலில் போனான், ஜூலை 22. ஃபிளாய்டு அக்டோபரில், நெல்சன் நவம்பரில். லாட்ஜில் கும்பல் மொத்தமும் பின்பக்கமாக ஓடிவிட்டது, ஏஜென்டுகள் சுட்டது காரில் கிளம்பிய அப்பாவிகளை, அதில் ஒருவர் செத்தார். நெல்சன் போகிற வழியில் ஒரு ஏஜென்டையும் கொன்றான். பர்விஸைப் பெரிய வேட்டைக்காரனாகக் காட்டத்தான் இவ்வளவு மாற்றம் என்பது என் கணிப்பு.

சாலிகிராமம் குமார்:
இருக்கட்டுமே சார், ரெண்டேகால் மணி நேரத்துக்குள் கதை சொல்ல வேண்டாமா?

மயிலை வாசகன்:
சொல்லட்டும், தேதியை மாற்றாமல் சொல்லட்டும்.

வேளச்சேரி வாசு:
ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டேன், இப்போது எவ்வளவோ தேவலை. கடைசி தியேட்டர் சீனாவது நிஜமா?

மயிலை வாசகன்:
அது நிஜம். சிகாகோ பயோகிராஃப் தியேட்டர், கிளார்க் கேபிள் நடித்த கேங்ஸ்டர் படம். பார்த்துவிட்டு வெளியே வந்தவனைச் சுட்டார்கள்.