புதுப்பிப்பு: நிலைக்கதவு தூணாக மாறிய கதை

காரைக்குடியில் எங்கள் பழம்பொருள் கடைச் சரக்குக்கு ஆன்டாலஜி (எந்தப் பொருள் எந்த வகை, அதற்கு என்ன பண்பு என்று கணினிக்குப் புரியும்படி எழுதும் வரையறை) கட்டும்போது, அதற்கான மென்பொருளான புரோட்டெஜேயில் ரீசனரை (எழுதியதிலிருந்து முடிவுகளை ஊகிக்கும் நிரலை) ஓட்டினாலே முரண்பாடு என்று நிற்கிறது எனக் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

"டொமைன்களை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. டொமைன் என்பது ஒரு பண்பு எந்த வகைப் பொருளுக்கு உரியது என்ற அறிவிப்பு. ‘மரவகை’ என்ற பண்புக்கு டொமைனாகத் தூணைக் கொடுத்திருந்தேன். வேறு எதற்கும் மரவகை எழுத விடாமல் அது தடுக்கும் என்று நினைப்பு. ஆனால் ஆன்டாலஜி எழுதும் மொழியான ஆவுலில் (ஓடபிள்யூஎல்) டொமைன் தடுக்காது, ஊகிக்கும்: மரவகை இருக்கிறதா, அப்படியானால் அது தூண். ஒரு நிலைக்கதவுக்கு பர்மா தேக்கு என்று பதிந்ததும் கதவு தூணாகிவிட்டது! கதவும் தூணும் ஒன்றாகாது என்று நானே எழுதி வைத்திருந்ததால் மொத்தமும் முட்டிக்கொண்டது. டொமைனை நீக்கினேன்; பதிவுச் சரிபார்ப்பை, அதற்கென்றே உள்ள ஷாக்கில் மொழிக்கு மாற்றினேன்.

எதிர்பாராதது ஒன்று. முரண்பாடு போன பிறகும் தேடினால் பாதிச் சரக்கு வரவில்லை. தூக்கு, தூக்குச்சட்டி, தூக்குவாளி என்று ஒரே பாத்திரத்துக்கு மூன்று பேர் மூன்று வகுப்பு (பொருள்வகை) திறந்திருக்கிறார்கள். ஒன்றாக்கி, மற்றவற்றை ஸ்கோஸ் (சொற்பட்டியல்களுக்கான தரமுறை) மாற்றுப்பெயராக வைத்தேன். எது முதன்மைப் பெயர் என்பதில்தான் கடையில் இன்னும் சண்டை.