ஹெபடைடிஸ் பி: ஃபைப்ரோஸ்கேன் போதுமா, பயாப்ஸி வேண்டுமா?

தேனிக்காரன்:
அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி. கல்லீரலில் எவ்வளவு தழும்பு என்று பார்க்க பயாப்ஸி (ஊசியால் கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். ஃபைப்ரோஸ்கேன் இருக்கும்போது எதற்கு ஊசி? விலா இடுக்கில் கருவியை வைத்துப் பத்துத் தட்டு, பத்து நிமிடத்தில் கல்லீரலின் விறைப்பு ஒரு எண்ணாக வந்துவிடுகிறது. ஊசியில் வருவதோ கல்லீரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதைவைத்து முழுக் கல்லீரலையும் எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வைகை மீனா:
அந்த எண்ணும் ஏமாற்றும் தம்பி. எனக்கு முதல் தடவை 14.2 கிலோபாஸ்கல் வந்தது. சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பு என்றே சொல்லிவிட்டார்கள். மூன்று ராத்திரி தூக்கமில்லை. அப்போது கல்லீரல் அழற்சியைக் காட்டும் ரத்த அளவான எஸ்ஜிபிடி எனக்கு 400க்கு மேல். கல்லீரல் அழற்சியில் வீங்கியிருந்தாலும் விறைப்பு கூடும். தழும்பா வீக்கமா என்று கருவிக்குப் பிரிக்கத் தெரியாது. மருந்து சாப்பிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 6.9! போதாததற்கு முதல் தடவை இட்லி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

தேனிக்காரன்:
அக்கா, அது சோதித்த நேரத்தின் தவறு. கருவியின் தவறு இல்லையே.

லேப் செல்வம்:
இரண்டு பேருமே ஸ்கேன் கிடைக்கிற ஊரிலிருந்து பேசுகிறீர்கள். எங்களிடம் வருகிறவர்களுக்கு ரத்தச் சோதனைதான் எல்லாம். எஸ்ஜிபிடி போன்ற இன்னொரு ரத்த அளவான எஸ்ஜிஓடி 60, அதன் உச்ச வரம்பு 40, பிளேட்லெட் 2 லட்சம் என்று வையுங்கள். 60ஐ 40ஆல் வகுத்தால் 1.5. அதை 200ஆல் (பிளேட்லெட் ஆயிரக்கணக்கில்) வகுத்து நூறால் பெருக்கினால் 0.75. இதுதான் ஏப்ரி, ரத்தச் சோதனையிலிருந்து தழும்பைக் கணிக்கும் எண். பெரியவர்களுக்கு 0.5ஐத் தாண்டினால், அல்லது ஸ்கேனில் 7ஐத் தாண்டினால் மருந்து தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. ஊசிக்கு அங்கே வேலையே இல்லை.

வைகை மீனா:
எஸ்ஜிஓடி எகிறினால் ஏப்ரியும் எகிறுமே! எல்லோருக்கும் ஊசி போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ரத்தமும் ஸ்கேனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன செய்வது? அண்ணனுக்கு எவ்வளவு வந்தது தம்பி?

தேனிக்காரன்:
எஸ்ஜிபிடி 52, ஸ்கேன் 8.1, ஏப்ரி 0.4. ஆமாம், ஆளுக்கொரு பக்கம்தான். டாக்டர் ஏன் கேட்டார் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் 7ஐத் தாண்டியதே மருந்துக்குப் போதும் என்றால், ஊசி எதை மாற்றப்போகிறது? திங்கட்கிழமை அவரிடம் இதைத்தான் கேட்கப்போகிறேன்.