குடிநீர் இழப்பு 40 விழுக்காடு: இதை வைத்து நிதி ஒதுக்கலாமா?

கேள்வி (நகராட்சிக் கணக்குப் பிரிவு)

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் குடிநீர் மற்றும் வடிகால் நிதிக்கான வரவு செலவு மதிப்பீட்டைத் தயாரித்து வருகிறேன். போன ஆண்டுத் தொகையில் பத்து விழுக்காடு கூட்டி எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டு, சேவை அளவீடுகளைப் பார்த்து ஒதுக்குமாறு மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டனர். எங்கள் கணக்கில் நாள்தோறும் 45 லட்சம் லிட்டர் ஏற்றப்படுகிறது; 5,400 இணைப்புகளுக்குத் தலா 500 லிட்டர் என்றால் 27 லட்சம் லிட்டருக்கே கட்டணம் வருகிறது. மீதி 40 விழுக்காடு இழப்பு. மத்திய அரசு 2008இல் வெளியிட்ட சேவைத்தர அளவுகோலின்படி இது 20 விழுக்காடாக இருக்க வேண்டும். ஆகவே பகிர்மானக் குழாய்களை மாற்றப் பெருந்தொகை ஒதுக்கலாமா?

பதில் 1 (ஓய்வு பெற்ற நகராட்சிப் பொறியாளர்)

அவசரப்பட வேண்டாம். அந்த 45 லட்சம் எங்கிருந்து வந்தது? மோட்டார் ஓடிய நேரத்தை, அதன் தகட்டில் பொறித்த திறனால் பெருக்கியிருந்தால் அது அளவீடு அன்று, அனுமானம். நீங்கள் சொல்லும் அளவுகோலிலேயே ஒவ்வொரு எண்ணின் நம்பகத்தன்மைக்கும் ஏ முதல் டி வரை தரம் உண்டு; உங்களுடையது டி. ஃப்ளோ மீட்டர் (குழாயில் ஓடும் நீரை அளக்கும் கருவி) இல்லையென்றால், மேல்நிலைத் தொட்டியின் வெளியேற்று வால்வை மூடிவிட்டு, தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கையில் கடிகாரத்துடன் நின்று பாருங்கள்.

பதில் 2 (மற்றொரு நகராட்சியின் கணக்கர்)

பொதுக் குழாயில் பிடிக்கும் தண்ணீரும் கட்டணம் இல்லாததால் இதே கணக்கில் இழப்பாகவே சேரும் என்பதை உறுப்பினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏழைகள் வாழும் வார்டுதான் முதலில் பழிக்கு ஆளாகும். மேலும், புகார் எண்ணிக்கையை மட்டும் வைத்து வார்டுவாரியாக ஒதுக்காதீர்கள்; புகார் அளிப்பது எளிதானாலே எண்ணிக்கை கூடிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தலா 5 லட்சம் லிட்டர் கொள்ளும் மூன்று தொட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 4 மணி நேரத்தில் நிரம்ப வேண்டும், ஆனால் 5 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் அதே ஓட்ட நேரத்தில் நாள்தோறும் ஏறுவது 45 லட்சம் அல்ல, 36 லட்சம், இழப்பு 25 விழுக்காடு. மோட்டார் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், மாதம் முழுவதும், மின்தடை இருந்த நாளன்றும், ஒரே கையெழுத்தில் 12 மணி நேரம் ஓடியதாகவே எழுதப்பட்டிருக்கிறது.

பதில் 1

இனி வழி தெளிவாகிறது. மோட்டார்களைச் சீரமைக்கவும் ஃப்ளோ மீட்டர் பொருத்தவும் முதலில் ஒதுக்குங்கள். பதிவேட்டு நேரத்தை மின்கட்டணப் பட்டியலின் யூனிட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 500 லிட்டர் என்பதும் அனுமானமே. ஐம்பது வீடுகளிலாவது மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே குழாய் மாற்றும் தொகையைத் திருத்திய மதிப்பீட்டில் முடிவு செய்யுங்கள்.