ஊசித்துளைக் கேமராப் பெட்டியில ஃபிலிமுக்குப் பதிலா போட்டோ பேப்பர் வச்சு நெகட்டிவ் எடுக்கத் துளை 0.40 மி.மீ.யா, 0.30 மி.மீ.யா?

ஊசித்துளை: துளை சிறுக்கச் சிறுக்கப் படம் கூர்மையாகும்னு இங்க ஒருத்தர் அடிச்சுச் சொல்லியிருக்கார். தப்பு. ஒரு அளவுக்குக் கீழ போனா விளிம்புல ஒளி வளைஞ்சு பரவி, படம் மசமசன்னு ஆயிடும். இயற்பியலாளர் ராலே 1891லயே கணக்கு கொடுத்துட்டார்: பெட்டி ஆழத்தை அலைநீளத்தால பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9ஆல பெருக்கணும். ஆழம் 100 மி.மீ., பேப்பருக்கு நீலம்தான் உறைக்கும், அதாவது 0.00045 மி.மீ. விடை 0.40.

சிவப்பு விளக்கு: அந்த ‘ஒருத்தர்’ நான்தான், எனக்குப் பேர் இருக்கு சார். லென்ஸ் கணக்குப் போட்ட பெட்ஸ்வால் 1857ல சொன்ன கணக்குல 1.9 இல்ல, ரெண்டோட வர்க்கமூலம். அதே பெட்டிக்கு 0.30. ராலே சொன்னா மட்டும் வேதவாக்கா?

ஊசித்துளை: 0.40ன்னா எஃப் 250, அதாவது ஆழம் துளையைப் போல 250 மடங்கு. ஒளி மெதுவா உறைக்கிற ஐஎஸ்ஓ 6 பேப்பர், நல்ல வெயில், அதுக்கே 40 விநாடி. உங்க 0.30க்கு 70ஐத் தாண்டும். அதுவரைக்கும் மரக்கிளை அசையாம நிக்குமா? முதல்ல உங்க துளையை அளந்தீங்களா? 2400 டிபிஐல (அங்குலத்துக்கு 2400 பிக்சல்) ஸ்கேன் பண்ணா 38 பிக்சல் வரணும். 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டுல ஊசியை அழுத்திக் குமிழ் எழுப்பி, பின்பக்கம் 600 நம்பர் எமரித் தாளால தேய்ச்சு, ஊசி முனையை மெல்லச் சுத்தி விடணும். பிசிறு நின்னா படம் மங்கும். தகடு தடிச்சா ஓரம் இருட்டடிக்கும். இதையெல்லாம் செஞ்சுட்டு வாங்க. 0.40தான்.

மல்டிகிரேடு: நீலம் மட்டும்னு யார் சொன்னது? ஃபில்டர் நிறத்தை மாத்தினா கான்ட்ராஸ்ட் மாறுற மல்டிகிரேடு பேப்பர் பச்சையையும் வாங்கும். கான்ட்ராஸ்ட் எகிறாம இருக்க மஞ்சள் ஃபில்டர் போடுறோமே, அப்ப நீலம் எங்க இருக்கு? 0.00055 போடுங்க, 0.45.

ஊசித்துளை: நான் பேசுறது கிரேடு 2 பேப்பர், கான்ட்ராஸ்ட் ஒரே அளவுல இருக்கறது. ஃபில்டரே வேண்டாம். படம் எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பருக்கு லேசா வெளிச்சம் காட்டி, சாம்பல் தட்டுறதுக்குச் சற்று முந்தி நிறுத்தினா கான்ட்ராஸ்ட் அடங்கும். 0.40.

மல்டிகிரேடு: கிரேடு 2ன்னு இப்பத்தான் சொல்றீங்க. முதல் பதிவுல ‘பேப்பர்’னுதான் இருக்கு.

ஹைப்போ: துளைக்கு இவ்வளவு சண்டை. பிரின்ட்டைக் கழுவுறீங்களா? பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பரை அஞ்சு நிமிஷத்துல எடுத்தா ஹைப்போ, அதான் படத்தை நிலைநிறுத்துற ஃபிக்ஸர் ரசாயனம், தங்கிப் பழுப்பேறும். ஓடுற தண்ணியில ஒரு மணி நேரம்.

சிவப்பு விளக்கு: சோடியம் சல்ஃபைட் கரைசல்ல பத்து நிமிஷம் போட்டா பாதி நேரமே போதும்.

ஹைப்போ: ஃபிக்ஸருக்கு ரெண்டு தட்டு வைக்கிறவங்க அதைச் சொல்லலாம். தேஞ்சுபோன ஃபிக்ஸர்ல உருவாகுற வெள்ளிச் சேர்மம் எவ்வளவு கழுவினாலும் போகாது.

ஊசித்துளை: பேச்சை மாத்தாதீங்க. கேட்டது கூர்மை. 0.40.

சிவப்பு விளக்கு: 0.30.