வியாழன் கொதிக்குது, டெலஸ்கோப் கோளாறா இல்ல நம்ம சேலத்து வானம் கோளாறா?

செவ்வாப்பேட்டை மாடி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொலுசு பட்டறைல வேலை பாக்கறேன். பொண்ணு ஏழாவது படிக்கிறா, வானத்துல இருக்கறத எல்லாம் கிட்டக்க பாக்கணும்னு ரெண்டு வருசமா கேட்டுட்டே இருந்தா, அதனால தீபாவளி போனஸ் வந்ததும் ஆன்லைன்ல ஒரு டெலஸ்கோப் வாங்குனேன். 114 மிமீ கண்ணாடி, 900 மிமீ ஃபோக்கல் லெங்த், கூட ஐபீஸ், அதாவது கண்ணு வெச்சு பாக்கற லென்ஸ், 20 மிமீ ஒன்னு, 4 மிமீ ஒன்னு. வாங்குனதுல இருந்து கார்த்திகை முடியற வரைக்கும் ஒரே மூட்டம், டப்பாவ பிரிச்சதோட சரி. தை பொறந்து வானம் வெளுத்ததும் தெனம் மாடி ஏறுறோம்.

வியாழன் இப்ப ராத்திரி ஒம்போது பத்து மணிக்கு உச்சந்தலைக்கு மேல நிக்குது. 20 மிமீ போட்டா சின்ன வட்டமும் பக்கத்துல நாலு புள்ளியும் தெரியுது, பொண்ணுக்கு அதுவே ரொம்ப சந்தோசம். 4 மிமீ போட்டா வட்டம் பெருசாகுது ஆனா தண்ணித்தொட்டிக்கு அடில கெடக்கற காசு மாதிரி ஆடுது, ஓரமெல்லாம் கொதிக்குது, வியாழன் மேல குறுக்கால ஓடுமே அந்த பட்டை ஒன்னும் தெரியல. நெபுலா, அதான் வானத்துல இருக்கற வாயு மேகம், அத தேடுனா வெறும் சாம்பல் நெறம்தான். வீட்டுக்கு எதிர்லயே எல்இடி தெருவிளக்கு, கிழக்கால தகர ஷீட் போட்ட கொட்டாய்.

கண்ணாடில கோளாறா? இத வித்துட்டு பெருசு வாங்கணுமா? இல்ல ஏற்காட்டுக்கு தூக்கிட்டு போனா சரியாகிடுமா? 20 ஹேர்பின் வளைவு ஏறி எறங்கணும், ஒரு நாள் வேலையும் போயிடும், அதான் தெரிஞ்சவங்கள கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு.

கன்னங்குறிச்சி வாத்தியார்:

தம்பி, மொதல்ல அத விக்காதீங்க. வியாழனோட நாலு நெலாவும் புள்ளி புள்ளியா தெரியுதுன்னா கண்ணாடி பெரும்பாலும் நல்லாதான் இருக்கு.

நீங்க ரெண்டு வேற வேற தொந்தரவ ஒன்னா போட்டு கொழப்பிக்கிறீங்க. தெருவிளக்கு கெடுக்கறது மங்கலான சமாச்சாரங்கள, அதாவது நெபுலா, கேலக்ஸி. வியாழனுக்கு தெருவிளக்கால ஒன்னும் ஆகாது, அதுவே விளக்கு மாதிரிதான் எரியுது, 2026 ஜனவரி 10-ஆம் தேதிதான் சூரியனுக்கு நேர் எதிர்ல வந்து போச்சு, இன்னும் நல்ல பெருசாதான் இருக்கு. அத ஆட வைக்கறது சூடு. பகல் பூரா வெயில் வாங்குன கான்கிரீட் மாடி ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த சூட்ட மேல விட்டுக்கிட்டே இருக்கும், தார் ரோட்டுல மத்தியானம் அலை அலையா தெரியுமே அதேதான், கண்ணுக்கு தெரியாம உங்க டெலஸ்கோப் வாய்க்கு முன்னாடி நடக்குது. தகர ஷீட்டுக்கு மேலயும் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலயும் எதையும் பாக்காதீங்க.

அடுத்தது அந்த 4 மிமீ. 900-த்த 4-ஆல வகுத்தா 225 மடங்கு. கண்ணாடி எத்தன மிமீயோ அதுக்கு ரெண்டு பங்குதான் உச்ச வரம்பு, உங்களுக்கு 228, அதுவும் காத்து அசையாத ராத்திரில. நம்ம ஊர்ல பாதி நாள் 100 தாண்டுனாலே ஆடும். பிளாசில்னு ஒரு வகை ஐபீஸ் இருக்கு, அதுல 10 மிமீ ஒன்னு வாங்குங்க, 90 மடங்கு வரும், வட்டம் சின்னதா இருந்தாலும் ரெண்டு பட்டையும் கோடு போட்ட மாதிரி நிக்கும். பெருசா மங்கலா பாக்கறதவிட சின்னதா கூர்மையா பாருங்க, விவரம் அதுலதான் இருக்கு.

பாக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே டெலஸ்கோப்ப மாடில வெச்சிடுங்க, கண்ணாடி ஆறணும். சாயங்காலம் ஆறு மணிக்கு தரைல நாலு கொடம் தண்ணி ஊத்தி விடுங்க, ஒம்போதுக்குள்ள காஞ்சிடும், எனக்கு இதுல நல்ல வித்தியாசம் தெரியுது. முடிஞ்சா பதினோரு மணிக்கு மேல பாருங்க. அப்புறம் பொறுமை, ஐபீஸ்ல கண்ண வெச்சா பத்து நிமிசம் எடுக்கக் கூடாது, ஆடிக்கிட்டே இருக்கற வட்டம் திடீர்னு ரெண்டு செகண்ட் அசையாம நிக்கும் பாருங்க, அந்த ரெண்டு செகண்டுக்குத்தான் நாம மாடி ஏறுறது.

கண்ணாடி நேரா இருக்கான்னு சோதிக்க ஒரு வழி சொல்றேன். பளிச்சுனு ஒரு நட்சத்திரத்த நடுவுல கொண்டு வந்து ஃபோக்கஸ கலைங்க. உளுந்து வடை மாதிரி தெரியும். ஓட்டை நடுவுல இருந்தா கண்ணாடி சரி, எப்பவும் ஒரு பக்கமா ஒதுங்கி இருந்தா பின்னாடி மூணு திருகு இருக்கும், அத கொஞ்சம் கொஞ்சமா திருப்பி நடுவுக்கு கொண்டு வரணும். பட்டறைல நுணுக்க வேலை பாக்கற கைக்கு இது பெரிய விசயமே இல்ல. வடை மேல ஆத்துத்தண்ணி ஓடற மாதிரி தெரிஞ்சா அது சூடு, டெலஸ்கோப்ப ஒன்னும் பண்ணாதீங்க.

நாகலூர் காப்பித்தோட்டம்:

ஏற்காட்டுக்காரன் நான் சொல்றேன், வியாழனுக்காக இங்க தூக்கிட்டு வராதீங்க அண்ணா. உயரம் 1500 மீட்டர்தான், காத்து சுத்தமாதான் இருக்கும், ஆனா மலை மேல காத்து அடிச்சா இங்கயும் படம் ஆடும். காவலூர்ல ஜவ்வாது மலைல அவ்ளோ பெரிய 2.34 மீட்டர் டெலஸ்கோப் வெச்சிருக்காங்களே, அந்த எடம் 725 மீட்டர்தான், ஏற்காட்டுல பாதிகூட இல்ல. அங்க வெச்சதுக்கு காரணம் இருட்டும், தெற்கு வானம் நல்லா தெரியறதும்.

நெபுலாவுக்குன்னா வாங்க, கண்டிப்பா வாங்க. ஆனா லேடீஸ் சீட் பக்கம் நிக்காதீங்க, கீழ சேலம் மொத்தமும் எரியறது அழகுதான், நட்சத்திரம் பாக்க அதவிட மோசமான எடம் கெடையாது. சேலம் எங்களுக்கு தெற்கால இருக்கறதால தெற்கு வானம் பூரா அடில இருந்து வெளுத்துப் போயிருக்கும். ஊர தாண்டி வடக்கால, கெழக்கால வந்துட்டு சேலத்துக்கு முதுகு காட்டி பாருங்க. சில்வர் ஓக் மரம் பாதி வானத்த மறைக்கும், அதனால திறந்த எடம் பகல்லயே பாத்து வெச்சுக்கணும். ராத்திரி காட்டெருமை வரும், தனியா நடக்காதீங்க, தோட்டத்துக்காரங்ககிட்ட சொல்லிட்டு நில்லுங்க.

இன்னொரு எதிரி பனி. பத்து மணிக்கு மேல எல்லாத்துலயும் தண்ணி கோத்துக்கும். டெலஸ்கோப் வாய்ல கறுப்பு சார்ட் பேப்பர சுருட்டி ஒரு அடி நீளத்துக்கு நீட்டி கட்டிடுங்க, ஐபீஸ சட்டைப் பையில வெச்சு மாத்தி மாத்தி போடுங்க. கண்ணாடில பனி கோத்தா துணியால தொடைக்கவே கூடாது, பூச்சு போயிடும். மாசி பங்குனிதான் எங்களுக்கு நல்ல மாசம், சித்திரை வந்துட்டா சாயங்காலம் இடி மழை ஆரம்பிச்சிடும்.

அஸ்தம்பட்டி குடை:

எங்க வீட்டுக்கு எதிர்லயும் அதே எல்இடி விளக்குதான். பழைய கறுப்பு குடைய ஒரு துணி காயப்போடற ஸ்டாண்டுல கட்டி விளக்குக்கும் எனக்கும் நடுவுல வெச்சுக்கறேன், தலைக்கு மேல ஒரு கறுப்புத் துணி. இருவது நிமிசம் செல்ஃபோன பாக்காம இருந்தா கண்ணு பழகிடும். இத பண்ணிட்டு மிருகசீரிடம் பக்கம் ஓரியன் நெபுலாவ பாருங்க, செவ்வாப்பேட்டைல இருந்தே தெரியும், மெல்லிசா புகை மாதிரி, அதுக்கு நடுவுல நாலு நட்சத்திரம் பொடிப்பொடியா. கலர் எதிர்பாக்காதீங்க, டப்பா மேல போட்ட படமெல்லாம் கேமரால ரொம்ப நேரம் ஒளி சேத்து எடுத்தது, பசங்ககிட்ட இத முன்னாடியே சொல்லிடணும்.

கன்னங்குறிச்சி வாத்தியார்:

குடை நல்ல யோசனை. இன்னொன்னு விட்டுட்டேன். நகரத்து வானத்துக்குன்னே பொறந்தது இரட்டை நட்சத்திரம். புனர்பூசத்துல காஸ்டர்னு ஒன்னு, இப்ப வியாழனுக்கு பக்கத்துலயே இருக்கு, 90 மடங்குல ரெண்டா பிரியும். நெலாவ பௌர்ணமில பாக்காதீங்க, தட்டையா கண்ணு கூசும், வளர்பிறை சப்தமி அஷ்டமில அந்த வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல பாருங்க, பள்ளத்தோட நெழலெல்லாம் தெரியும்.

பங்குனி வாக்குல ராத்திரி பத்து மணிக்கு மேல ஏற்காடு மலைக்கு நேர் மேல சப்தரிஷி மண்டலம் ஏறி வரும். அதுல வசிஷ்டரும் அருந்ததியும் கண்ணாலயே பக்கத்துல பக்கத்துல தெரிவாங்க. டெலஸ்கோப்ல வசிஷ்டரே ரெண்டா பிரிவாரு. 1617-லயே கலிலியோவோட மாணவர் காஸ்டெல்லி பாத்து அவருக்கு எழுதுனது இது. உங்க 20 மிமீயே போதும்.

செவ்வாப்பேட்டை மாடி:

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும், ஆர்டர் வேலை ஜாஸ்தி. வடை சோதனை பண்ணேன் சார், ஓட்டை ஒதுங்கிதான் இருந்துச்சு, பட்டறை ஸ்க்ரூடிரைவர்ல மூணு ராத்திரி மெனக்கெட்டு நடுவுக்கு கொண்டு வந்துட்டேன். 10 மிமீ வாங்கி, தண்ணி ஊத்தி, பதினொன்னரைக்கு பாத்தோம். பட்டை ரெண்டும் தெரிஞ்சுது. பொண்ணு "அப்பா நின்னுடுச்சு, நின்னுடுச்சு"ன்னு கத்துனா, நான் குனியறதுக்குள்ள மறுபடி ஆட ஆரம்பிச்சிடுச்சு, ஆனா அவ பாத்துட்டா.

நேத்து எங்க அம்மாவயும் மாடிக்கு கூட்டிட்டு வந்தோம். முட்டி வலி, படி ஏறவே கால் மணி நேரம். அருந்ததிய காட்டுனேன். ரொம்ப நேரம் கண்ண எடுக்கல. அப்புறம் சொல்லுச்சு, "என் கல்யாணத்துல காலைல பத்து மணிக்கு ஐயர் வானத்த காட்டி தெரியுதாம்மான்னு கேட்டாரு, வெறும் வெயிலுதான், தெரியுதுன்னு தலையாட்டுனேன். இதுதானா அது."

காப்பித்தோட்டம் தம்பி, அடுத்த அமாவாசைக்கு நாங்க மூணு பேரும் மேல வர்றோம். திறந்த எடம் ஒன்னு பாத்து வைங்க, அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடற மாதிரி.