வோல்ட்டாவின் ‘பைல்’: மின்கலமா, மின்னடுக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா உருவாக்கிய, மின்சாரம் தரும் ‘வோல்ட்டாயிக் பைல்’ (பைல் என்றால் அடுக்கு) என்ற கருவியைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> ‘வோல்ட்டாயிக் பைல்’ என்பதற்கு ‘வோல்ட்டா மின்கலம்’ என்றே போடலாமே? பாடநூலில் இருக்கும் சொல்தானே?

இருக்கிறது, ஆனால் வேறு பொருளுக்கு. நீர்த்த கந்தக அமிலம் ஊற்றிய கண்ணாடிக் கலத்தில் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் நிற்குமே, அதுதான் பாடநூலின் வோல்ட்டா மின்கலம். கலம் இருப்பதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. 1800 மார்ச் 20 அன்று கோமோவிலிருந்து இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வோல்ட்டா எழுதிய கடிதத்தில் உள்ள கருவி வேறு. ஒரு வெள்ளி வில்லை, அதன்மேல் துத்தநாக வில்லை, அதன்மேல் உப்புநீரில் நனைத்த அட்டை, மறுபடியும் வெள்ளி. இப்படி 30, 40, 60 என்று ஏறிக்கொண்டே போகும். இதில் கலமே கிடையாது.

> ‘மின்தூண்’ எப்படி? ஜெர்மன் மொழியிலும் தூண் என்றுதான் சொல்கிறார்கள்.

வடிவத்துக்குச் சரி. ஆனால் படிப்பவர் மனத்தில் தெருவோர மின்கம்பம் வந்து நின்றுவிடும். தவிர, தூண் என்பது ஒரே துண்டாகவும் இருக்கலாம். இந்தக் கருவியின் உயிரே ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதில் இருக்கிறது. ஓர் இணை தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அடுக்க அடுக்கத்தான் அது கூடும். இதன் குறையும் அடுக்கியதால் வந்ததே. மேலே உள்ள வில்லைகளின் பாரத்தில் அடியில் உள்ள அட்டைகள் பிழியப்பட்டு உப்புநீர் வழிந்துவிடும். வேதியியலாளர் குரூக்‌ஷாங்க் அதைப் படுக்கவைத்து மரத்தொட்டிக்குள் அமைத்தது இதைத் தீர்க்கத்தான்.

வோல்ட்டாவே இதைச் செயற்கை மின் உறுப்பு என்றார். மின் அதிர்ச்சி தரும் திருக்கை மீனின் உறுப்போடு ஒப்பிட்டார். அந்த மீனின் உடலுக்குள்ளும் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காகத்தான் இருக்கின்றன. எனவே ‘மின்னடுக்கு’ என்று முன்மொழிகிறேன்.

‘மின்கல அடுக்கு’ ஏற்கெனவே பேட்டரிக்கு இருக்கிறதே, குழப்பாதா என்று கேட்பீர்கள். கலங்களை அடுக்கினால் மின்கல அடுக்கு, வில்லைகளை அடுக்கினால் மின்னடுக்கு. இரண்டும் உறவுச் சொற்களாக இருப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆங்கிலத்தில் இந்த உறவு தெரியாது. 1749-இல் அமெரிக்க அறிவியலாளர் பிராங்கிளின் 11 கண்ணாடிப் பலகைகளை இணைத்து மின்னேற்றம் தேக்கியபோது, பீரங்கி வரிசையின் பெயரை எடுத்து ‘பேட்டரி’ என்றார். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் வோல்ட்டாவின் அடுக்குக்கு வந்த பெயரே இன்று கடையில் வாங்கும் பேட்டரிக்கும் பெயர். தமிழ் இந்த இடத்தில் பீரங்கி பக்கம் போகாமல் அடுக்கின் பக்கம் நின்றிருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. அதே கடிதத்தில் உப்புநீர்க் கிண்ணங்களை வட்டமாக வைத்து, ஒரு கிண்ணத்திலிருந்து அடுத்ததற்கு உலோக வளைவுகளால் தொடுத்த அமைப்பும் வருகிறது. வோல்ட்டா இட்ட பெயர் ‘கிண்ணங்களின் மகுடம்’. நான் ‘கிண்ண மாலை’ என்று எழுதிப் பார்த்தேன், தொடுத்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மகுடத்தை விடலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்